நாற்றைத் தின்றது யார்? செட்டிநாட்டுக் கொல்லைத் தோட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

நாற்று போனதும் செய்யக்கூடாத முதல் வேலை மருந்துக்கடைக்கு ஓடுவது. கடைக்காரர் "என்ன பூச்சி?" என்பார், நாம் "தெரியலீங்க, ஏதோ தின்னுட்டுப் போகுது" என்போம், அவரும் கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவார். நத்தை பூச்சியே இல்லை, பூச்சி மருந்து அதற்குக் கேட்காது. எலிக்குக் கேட்காது, மயிலுக்குக் கேட்காது, நாற்றழுகல் என்பது பூஞ்சாணம், அதற்கும் கேட்காது. ஆனால் பூவுக்கு வரும் தேனீக்குக் கேட்கும், கொல்லையில் கிளறித் திரியும் கோழிக்குக் கேட்கும், அடுத்த வாரமே கீரை பறித்துக் கடைந்து சாப்பிடப் போகிற நமக்கும் கேட்கும். அதனால் தின்றது யார் என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு ராத்திரி, ஒரு காலை பொறுமையாகப் பார்த்தால் பெரும்பாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

நம்ம பக்கத்து நிலைமையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எங்கே எடுத்தாலும் செம்மண்ணும் சரளையும்தான், வெயிலில் மேல்மண் இறுகிக் கிடக்கும். அதன் நடுவில் நாம் ஒரு பாத்தியை மட்டும் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, எருப்போட்டு, தினம் தண்ணீரும் ஊற்றினால் அக்கம்பக்கத்துப் புழு பூச்சியெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதோடு இங்கே பூட்டிக் கிடக்கிற வீடுகள் அதிகம். இரண்டு தெருவுக்கு நீளும் வீட்டின் பின்கட்டும் கொல்லையும் புதர் மண்டிக் கிடந்தால் எலி, பெருச்சாளி, நத்தை எல்லாம் அங்கே குடியிருந்துகொண்டு நம் பாத்திக்குச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போகும். உங்கள் தோட்டத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் பக்கத்துச் சுவரையும் ஒரு கண் பாருங்கள்.

பருவமும் துப்புத்தான். ஆடியில் விதைத்து இன்னும் மழை பிடிக்காத நாட்களில் கறையான், அணில், எறும்பு, மயில் மேல் சந்தேகம் போகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை இறங்கிவிட்டால் நத்தை, வெட்டுப்புழு, நாற்றழுகல். தைக்கு மேல் வெயில் ஏற ஏற சாறு உறிஞ்சும் கூட்டம்.

முதலில்: மிச்சத்தைத் தொடாதீர்கள், பாருங்கள்

அடிபட்ட நாற்றைப் பார்த்ததும் கோபத்தில் பிடுங்கி எறிந்துவிடுகிறோம். வேண்டாம். கைரேகை அந்தச் செடியில்தான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன், விடிந்த உடனே போய்க் குனிந்து, எது மிச்சம் இருக்கிறது, எப்படி மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

*தண்டு அறுந்து செடி பக்கத்திலேயே படுத்துக் கிடந்தால்* நேராக வெட்டுப்புழு மேல் சந்தேகப்படலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று நட்ட முதல் வாரம் இதன் காலம். மண்மட்டத்தில் தண்டைக் கடித்து அறுக்கும், கொஞ்சம் தின்னும், மீதியை அப்படியே போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போகும். அதனால்தான் வரிசையில் பக்கத்துப் பக்கத்துச் செடியாக விழும். நல்ல செய்தி என்னவென்றால், பகலில் அது தூரமாகப் போவதில்லை. விழுந்த நாற்றைச் சுற்றி ஒரு சாண் வட்டத்துக்குள், இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலால் மெல்லக் கிளறுங்கள். மண் நிறத்திலேயே சாம்பலும் கறுப்புமாக, எண்ணெய் தடவின மாதிரி வழவழப்பான ஒரு புழு, விரல் பட்டதும் தலையும் வாலும் ஒட்டச் சுருண்டுகொள்ளும். முதல் தடவை கட்டி மண் என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள், அந்த அளவுக்கு மண்ணோடு மண்ணாக இருக்கும். கட்டியை உடைத்துப் பாருங்கள், உடையாமல் வளைந்தால் அதுதான்.

ஆனால் படுத்துக் கிடப்பதெல்லாம் வெட்டுப்புழு வேலை இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விழுந்த நாற்றைக் கையில் எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். அறுபட்ட முனை தெரிகிறதா, அல்லது தண்டு அறுபடாமலே நீர் கோத்து, பழுப்பாகி, நூலாக இளைத்து மடிந்திருக்கிறதா? இரண்டாவது என்றால் அது நாற்றழுகல். எந்தப் பூச்சியும் தின்னவில்லை, ஈரம் அதிகமாகி நோய் வந்திருக்கிறது. நெருக்கமாக விதைத்த நாற்றங்காலில் ஒரு இடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும். தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்து, நெருக்கமாக நிற்கும் நாற்றில் சிலவற்றைப் பிடுங்கி இடைவெளி விட வேண்டும். அடுத்த தடவை விதைக்கும்போது ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) என்ற கணக்கில் விதையோடு கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள், வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு சிட்டிகை போதும்.

தண்டு கொஞ்சம் உயரத்தில் சாய்வாக, பிளேடு வைத்து வெட்டின மாதிரி சுத்தமாக அறுந்திருந்தால் எலி அல்லது முயல். முயல் ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, வீட்டுக் கொல்லை என்றால் எலிதான். பக்கத்தில் புழுக்கை கிடக்கும், சுவரோரமாக அது ஓடித் தேய்ந்த தடம் தெரியும்.

*செடியே இல்லை, அடையாளமே இல்லை* என்றால் பெரிய ஆளைத் தேடுங்கள். ஆடு வந்திருந்தால் தண்டு நசுங்கிக் கிழிந்திருக்கும், ஒரே நேரத்தில் பாதிப் பாத்தி மொட்டையாகும், புழுக்கை சொல்லிக்கொடுத்துவிடும். கோழி தின்பதைவிடக் கிளறிப் போடுவதுதான் அதிகம், மண் பள்ளம் பள்ளமாக இருக்கும், நாற்று வேரோடு வெளியே கிடந்து காயும். மயில் குருத்தையும் இலையையும் கொத்திப் பிய்க்கும், முளைத்து வருகிற கடலை, அவரை என்றால் பிடுங்கியே விடும். ஈர மண்ணில் பெரிய மூன்று விரல் தடம் இருந்தால் வேறு சந்தேகம் வேண்டாம். விதைத்தும் முளைக்கவில்லை என்றால் விதைத்த இடத்தில் சின்னக் குழி தோண்டியிருக்கிறதா, தோல் கிடக்கிறதா என்று பாருங்கள். அணிலும் எலியும் ஒரே மாதிரிதான் தோண்டும், நேரம்தான் வித்தியாசம். சாயங்காலம் சரியாக இருந்து காலையில் குழி என்றால் எலி, காலையில் சரியாக இருந்து மத்தியானம் குழி என்றால் அணில். குழியே இல்லாமல் கீரை விதை மட்டும் முளைக்கவில்லை என்றால், விதைத்த அன்றே எறும்பு வரிசையாகத் தூக்கிப்போயிருக்கும்.

*இலை இருக்கிறது, ஆனால் ஓட்டை.* இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓட்டையில் பல வகை.

ஓட்டை ஒழுங்கில்லாமல், ஓரம் வழுவழுவென்று, இலை மேலோ தொட்டி விளிம்பிலோ காய்ந்த பளபளப்பான கோடு ஓடினால் நத்தை, அல்லது ஓடில்லாத நத்தை. மழைக்கு மறுநாள் இந்தக் கோட்டை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாது. இப்போது நாம் கொல்லையில் பார்க்கிற பெரிய பழுப்பு நத்தை பல இடங்களில் ஆப்பிரிக்க நத்தைதான், 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கிருந்து நாடு முழுக்கப் பரவினது. ஒரு தடவையிலேயே 100க்கு மேல் முட்டை வைக்கக்கூடியது. வெறும் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள், மூளையைப் பாதிக்கும் ஒரு வகைப் புழு அதன் உடம்பில் இருக்கலாம். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு எடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இலை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பெரிய பெரிய கடியாக, பகலிலேயே நடந்தால் வெட்டுக்கிளி. அதே ஓரக்கடி ராத்திரியில் மட்டும் நடந்து, இலை மேல் பச்சையும் கறுப்புமாகச் சின்னச் சின்ன உருண்டை எச்சம் கிடந்தால் ஏதோ ஒரு புழு. எச்சம் புதுசாக ஈரமாக இருந்தால் புழு இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது, இலையைத் திருப்பிப் பாருங்கள், இல்லையென்றால் அடிமண்ணைக் கிளறுங்கள்.

இலையில் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு, நரம்பும் மெல்லிய தோலும் வலை மாதிரி நின்றால் இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒரு இலையில் மட்டும் கூட்டமாகக் குட்டிப் புழுக்கள் இருந்தால் புரோடீனியா, அதாவது புகையிலை வெட்டுப்புழுவின் இளம் பருவம். அந்த இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால் அன்றைக்கே கதை முடிந்தது, விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் தோட்டம் பூராவும் பிரிந்து போய்விடும். கத்தரியிலும் பாகலிலும் மஞ்சள் நிறத்தில் முள்முள்ளாகப் புழு இருந்தால் அது எபிலாக்னா வண்டின் குஞ்சு. தாய் வண்டு பொறிவண்டு மாதிரியே இருக்கும், அதனால் ஆளை மாற்றிப் பிடித்துவிடாதீர்கள். நல்ல பொறிவண்டு பளபளப்பாக, அசுவினி (சாறு உறிஞ்சும் செடிப்பேன்) இருக்கிற இடத்தில் திரியும். எபிலாக்னா மங்கலான செம்பு நிறம், உடம்பில் நுண்ணிய முடி, நிறையப் புள்ளி, சுரண்டப்பட்ட இலை மேலேயே உட்கார்ந்திருக்கும்.

குண்டூசியால் குத்தின மாதிரி நுண்ணிய ஓட்டைகள் நிறைய, தொட்டதும் தெறித்துக் குதிக்கிற கறுப்புப் புள்ளி என்றால் தெள்ளுவண்டு. முள்ளங்கி, வெண்டை முளையில் வரும். தண்டங்கீரை, அரைக்கீரையில் இலைகளை நூலால் ஒட்டி மடித்து உள்ளே பச்சைப் புழு இருந்தால் இலை பிணைக்கும் புழு. விதையிலையில் பாம்பு நெளிந்த மாதிரி வெள்ளைக் கோடு ஓடினால் இலைத்துளைப்பான், அந்த இலையைக் கிள்ளினால் போதும், பயப்பட வேண்டாம்.

கொடிக்காய் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பூசணி, சுரை, பீர்க்கு, புடலை முளைத்து இரண்டு விதையிலையோடு நிற்கும்போதே இலை சல்லடையாகிவிட்டால் சிவப்புப் பூசணி வண்டு. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆரஞ்சு கலந்த சிவப்பு. வெயில் ஏறினபின் நிழல் பட்டாலே பறந்துவிடும், "என் தோட்டத்தில் ஒண்ணுமே இல்லையே" என்று நினைப்போம். விடியற்காலை பனி காய்வதற்கு முன் போனால் இலைக்கு அடியில் மந்தமாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாகத் தட்டிச் சோப்புத் தண்ணீரில் விழ வைக்கலாம். அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும், அதனால் பெரிய வண்டை முதல் வாரத்திலேயே குறைப்பது இரட்டை லாபம்.

*இலையும் தண்டும் முழுசாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது.* மண் ஈரமாக இருந்தும் வாடினால் சங்கதி அடியில் இருக்கிறது. செடியை மெல்ல இழுங்கள். கையோடு வந்துவிட்டால் வேர் இல்லை. அடித்தண்டில் செம்மண் பூச்சுப் பூசின மாதிரி ஓடு இருந்து, உடைத்தால் வெள்ளையாக ஓடினால் கறையான், நம் மண்ணில் இது சகஜம். வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகத் தடித்த புழு வளைந்து கிடந்தால் வேர்ப்புழு, மக்காத சாணி எருவோடு வந்திருக்கும். ஈர மண்ணில் மேலாக விரல் அகலத்துக்கு மண் புடைத்து ஓடியிருந்தால் பிள்ளைப்பூச்சி.

இலை சுருண்டு, குருத்து முறுக்கிக்கொண்டால் அது தின்னும் கூட்டமே இல்லை. அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ, தத்துப்பூச்சி எதுவாக இருந்தாலும் இலையின் அடியில் பார்த்தால் தெரிந்துவிடும், மஞ்சள் ஒட்டும் அட்டையும் வேம்பும் போதும்.

அப்புறம்: டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி ஒரு சுற்று

மிச்சத்தை வைத்து முடிவுக்கு வர முடியவில்லை என்றால் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு ஒரு தடவை போங்கள். காலில் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், புதர் பக்கம் கால் வைக்குமுன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், கொல்லையில் பாம்பும் உலாவும் நேரம் அது. முதலில் சும்மா நின்று காது கொடுங்கள், எலி இருந்தால் சருகுச் சத்தம் கேட்கும். பிறகு டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள், புழுவுக்கும் நத்தைக்கும் நிழல் நீளமாக விழும், சட்டென்று கண்ணில் படும். தண்டின் அடி, இலையின் அடி, தொட்டியின் விளிம்புக்குக் கீழே, செங்கல் இடுக்கு, இத்தனையும் பாருங்கள்.

ராத்திரி கண் விழிக்க முடியாதவர்கள் சாயங்காலம் பாத்தியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த மணலையோ அடுப்புச் சாம்பலையோ மெல்லிசாகத் தூவி விடுங்கள். காலையில் தடம் பதிந்திருக்கும். எலியின் தடம், நத்தை இழுத்த பட்டை, பறவையின் விரல், எல்லாம் வேறு வேறாகத் தெரியும். பச்சரிசிக் கோலமாவு மட்டும் வேண்டாம், அது எறும்பைக் கூப்பிட்டு வைத்துவிடும்.

இன்னும் குழப்பமா? மூன்று நாற்றுச் சோதனை

எனக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கை இதில்தான். ஒரே அளவுள்ள மூன்று நாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாற்றைச் சுற்றி, அடி வெட்டின பேப்பர் கப்பை வளையமாக, ஒரு அங்குலம் மண்ணுக்குள்ளும் இரண்டு அங்குலம் வெளியிலும் இருக்கிற மாதிரி அழுத்தி வையுங்கள். இரண்டாவதைப் பழைய ஓலைக் கொட்டானை, அதாவது ஓலைக் கூடையை, கவிழ்த்து மூடி மேலே ஒரு கல் வையுங்கள். பகலில் தின்னுகிறது என்றால் கொட்டானுக்குப் பதில் கம்பி வலை, வெளிச்சம் வேண்டுமே. மூன்றாவதைத் திறந்தே விடுங்கள்.

காலையில் பாருங்கள். திறந்தது மட்டும் அறுந்து மற்ற இரண்டும் தப்பித்தால் முதலில் கொட்டானுக்கு அடியிலுள்ள மண்ணையும் திறந்த நாற்றின் சுற்றுமண்ணையும் கிளறுங்கள், வெட்டுப்புழு கிடைத்தால் சரி, இல்லையென்றால் இன்னொரு ராத்திரி வைத்துப் பாருங்கள். கப் வைத்ததும் போய், கொட்டான் மூடினது மட்டும் தப்பித்தால் மேலிருந்து வருகிற ஆள், எலியோ பறவையோ. கொட்டானுக்குள் இருந்ததும் போனால் திருடன் உள்ளேயே இருக்கிறான், மண்ணில்தான் தேட வேண்டும். மூன்றும் தின்னப்படாமல் வாடினால் வேரையும் நோயையும் பாருங்கள்.

ஆள் தெரிந்துவிட்டது, இனி

வெட்டுப்புழுவுக்குக் காலையில் கிளறிப் பொறுக்குவதும் பேப்பர் வளையமும் போதும். அடுத்த பட்டத்துக்கு முன்னால் பாத்தியைக் கொத்தி ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டால் மைனாவும் கொக்கும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். புரோடீனியா தொல்லை உள்ளவர்கள் ஓரத்தில் நாலு ஆமணக்குச் செடி வையுங்கள், அது முட்டை வைக்க அங்கேதான் முதலில் போகும், முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளுவது சுலபம்.

நத்தைக்குச் சாயங்காலம் நனைத்த சாக்கு, அதற்கடியில் பப்பாளி இலை அல்லது முட்டைக்கோஸ் இலை. விடிந்ததும் சாக்கைத் தூக்கினால் கூட்டமாக இருக்கும், உப்புக் கரைத்த வாளியில் போடுங்கள். உப்பைப் பாத்தியில் கொட்டாதீர்கள், நத்தை போகும், மண்ணும் போய்விடும். செம்போத்து உங்கள் கொல்லைக்கு வந்தால் விரட்டாதீர்கள், அது நத்தை தின்னும் பறவை.

வண்டுக்கும் இலை தின்னும் புழுவுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் இறங்கினபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். பிஞ்சு நாற்று என்பதால் முதலில் ஒன்றில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். கொடி முளைகளுக்குக் கொசுவலை மூடி நாலைந்து இலை வரும்வரை வைத்திருந்தாலே பூசணி வண்டிடமிருந்து பாதி தப்பித்த மாதிரி, பூ வருமுன் மட்டும் எடுத்துவிட வேண்டும்.

கறையானுக்குப் பாத்தியில் காய்ந்த குச்சி, பழைய வைக்கோல் இல்லாமல் பாருங்கள், நன்றாக மக்கின எருவோடு வேப்பம் புண்ணாக்குக் கலந்து போடுங்கள், செடியைக் காய விடாதீர்கள். வேர்ப்புழுவுக்கும் இதே மக்கின எருதான் மருந்து. எறும்புக்குக் கீரை விதையை மணலோடு கலந்து தூவி, பாத்திக்கு வெளியே கொஞ்சம் நொய்யோ ரவையோ போடுங்கள்.

எலிக்குப் பொறி வையுங்கள், விஷம் வேண்டாம், விஷம் தின்ற எலியைப் பூனையும் ஆந்தையும் தின்னும். மயிலைப் பற்றி இதைவிட அழுத்தமாகவே சொல்கிறேன். விளைச்சல் போகிற கோபம் எனக்குப் புரியும், ஆனாலும் மருந்து கலந்த தானியம் போடுவது பாவம் மட்டுமல்ல, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், கொன்றால் சிறை. நாற்று ஒரு முழம் வளரும்வரை பழைய சேலையோ மீன் வலையோ கட்டுங்கள், பாத்திக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு இழுத்தாலும் இறங்கத் தயங்கும்.

அநியாயமாக அடி வாங்குகிறவர்களையும் சொல்ல வேண்டும். மரவட்டை பெரும்பாலும் மக்கினதைத்தான் தின்னும், அறுந்து விழுந்த நாற்றில் அது ஊர்வதைப் பார்த்து அதுதான் அறுத்தது என்று முடிவு கட்டாதீர்கள். தவளை, தேரை, ஓணான், அரணை, பல்லி எல்லாமே நம் பக்கம் நின்று வேலை செய்கிறவை. தொட்டிக்கடியில் தேரை இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால், சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்குக் குன்றக்குடியிலும் புதுக்கோட்டைப் பக்கத்தினருக்கு வம்பனிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வெறும் வாயால் விவரிப்பதைவிட, பிடித்த புழுவை மூடியில் துளையிட்ட பாட்டிலில் அது தின்ற இலையோடு போட்டு, அடிபட்ட ஒரு நாற்றை வேர்மண்ணோடு ஈரத்துணியில் சுற்றி, என்ன செடி, நட்டு எத்தனை நாள், பகலிலா ராத்திரியிலா என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். திரும்பி வரும்வரை புதிய நாற்றைத் தரையில் நடாமல், தட்டில் விதைத்து, நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கிற மேசை மேல் வைத்திருங்கள்.